சாலமோன் திறந்து பார்க்காத மிஷின்

டோல்கேட்டிலிருந்து காலடிப்பேட்டை வரை டி.எச். ரோட்டில் கம்ப்யூட்டர் கடை என்று போர்டு மாட்டிக்கொண்டவர்கள் பத்துப் பேராவது தேறுவார்கள். ஆனாலும் வீட்டுக் கம்ப்யூட்டர் திடீரென்று ஊமையாகிப் போனால் ஜனங்கள் படியேறுவது சாலமோன் கடைக்குத்தான். அவர் பெரிய மேதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மெட்ரோ தூண் வெளிச்சத்தை மறைக்கிற அந்த முதல் மாடியில், பத்துக்குப் பன்னிரண்டு அறையில், ஒரு சட்டம் இருந்தது. மிஷினைத் திறந்து பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கடையின் பெயரெல்லாம் அந்த ஒரு சட்டத்தால் வந்ததுதான்.

"மதர்போர்டு பூட்ச்சாண்ணே?" என்று வாசலிலேயே பதறுகிறவர்களுக்கு அவர் பதில் சொல்ல மாட்டார். உட்காரச் சொல்லி ஸ்டூலைக் காட்டுவார். நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, பக்கத் தகட்டை எடுத்து வைத்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

அந்தப் பக்கத்தில் அப்படித்தான் செய்யவும் வேண்டும். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மணலி ஃபேக்டரிகள். உப்புக் காற்றும் கம்பெனிப் புகையும் சேர்ந்து வீட்டு ஜன்னல் கம்பியையே தின்றுவிடும்போது கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? முதலில் அடி வாங்குவது ரேம். விரல் நீளத்துக்குப் பச்சைத் தகடு, அதன் அடியில் தங்க நிறத்தில் வரிசையாகப் பல். அந்தப் பல் கறுத்துப்போனால் மிஷின் தன்னிடம் அப்படி ஒரு சாமான் இருப்பதையே மறந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற ரப்பரால் நன்றாகத் தேய்த்துத் திரும்பச் செருகினால் வருகிறதில் பாதி மிஷின் எழுந்து உட்கார்ந்துவிடும். அடுத்த கடைக்காரன் இதற்கே புது போர்டு விற்றுவிடுவான். சாலமோன் ரப்பரால் தேய்த்து அனுப்பிவிடுவார். அதனால்தான் ஐம்பதை நெருங்கியும் இன்னும் வாடகைக் கடை.

இதில் ஒரு விஷயம். அந்தச் சட்டம் சாலமோன் போட்டதில்லை. தப்ரேஸ் போட்டது.

சாலமோனின் அப்பா ஆசீர்வாதம் தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். மகன் கல்லாவில் உட்காருவான் என்று காத்திருந்தார். மகனோ பருப்பு மூட்டைக்குப் பயந்து கம்ப்யூட்டர் கிளாஸுக்கு ஓடினார். அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்தான் தப்ரேஸ். இரண்டு பேரும் சேர்ந்து கடை போட்டுப் பதினாலு வருஷம் ஓட்டினார்கள். பேச்சு சாலமோனுடையது, கை தப்ரேஸுடையது. வீடியோ பார்த்துவிட்டுப் புது மிஷினுக்கு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருகிற பையன்களை வழிக்குக் கொண்டுவருவது சாலமோன் வேலை. பக்கமெல்லாம் கண்ணாடி, உள்ளே கலர் கலராக லைட்டு என்று கேட்பார்கள். "லைட்டு வேணும்னா சீரியல் செட்டு வாங்கிக்கோ, நைனா. அந்தக் காச எஸ்எம்பிஎஸ்ல போடு" என்பார். கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கிற அந்தப் பெட்டியில் மட்டும் மிச்சம் பிடிக்காதே, அது செத்தால் தனியாகச் சாகாது, நாலு பேரைக் கூட்டிக்கொண்டுதான் போகும் என்று அவர் சொல்வது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம்.

சாமான் முடிவானதும் தப்ரேஸ் உட்காருவார். வாடிக்கையாளரிடம் ஒரு பேச்சு இருக்காது. வயர்களை அவர் கட்டுகிற அழகைப் பார்த்தால் உள்ளே மூடிவைக்க மனசு வராது. கடையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு சாமானின் ஓரத்திலும் சாலமோனின் மனைவி ஜெஸ்லினுடைய அரக்குக் கலர் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பதும் அவர்தான். ஸ்டிக்கர் சூட்டில் உரிந்துவிடும், இது உரியாது. நாளைக்கு யாராவது வேறு கடைச் சாமானைக் கொண்டுவந்து மாற்றிக் கொடு என்றால் பொட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாலமோன் சர்ச்சுக்குப் போனால் கடை தப்ரேஸ் கையில். வெள்ளி மதியம் தப்ரேஸ் தொழுகைக்குப் போனால் கடை சாலமோன் கையில். ஜெஸ்லின் கொடுத்தனுப்புகிற மீன் குழம்பு டப்பா எப்போதும் இரண்டு பேருக்கானது. தப்ரேஸ் வீட்டில் உருது பேசுவார்கள். சாலமோன் முதலில் அதில் கெட்ட வார்த்தைகளைக் கற்றுக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மிச்சத்தையும் கற்றுக்கொண்டார். தப்ரேஸின் ஒரே மகள் ரூபினா நடக்கப் பழகியதே அந்தக் கடையின் காலி அட்டைப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டுதான். கூடப் பிறந்தவன் இருந்திருந்தாலும் இப்படி இருந்திருக்க மாட்டான் என்று சாலமோன் ஜெஸ்லினிடம் சொன்னதுண்டு.

அப்புறம் கொரோனாவின் இரண்டாவது அலை வந்தது. மே மாதம் ஆசீர்வாதம் ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை. மூடித்தான் கொடுத்தார்கள், முகம்கூடப் பார்க்க முடியவில்லை. கடை ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது சாலமோன் பழைய சாலமோனாக இல்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். வருகிறவர்கள் எல்லோரும் தன்னை ஏமாற்றத்தான் வருகிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. மனசு புண்ணாகிப் போனவனுக்கு அப்படித் தோன்றும்தான். ஆனால் அதற்கு யார் பலியாகிறார்கள் என்று ஒரு கணக்கே இல்லாமல் போய்விடுகிறது.

எர்ணாவூரில் லியோனார்ட் என்று ஒருவர், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவர். அந்த வருஷம் பிப்ரவரியில் அவருக்கு ஒரு நல்ல மிஷின் செய்து கொடுத்திருந்தார்கள். எட்டு ஜிபி ரேம் இரண்டு, மொத்தம் பதினாறு. ஜூலையில் ஃபேன் சத்தம் போடுகிறது என்று கூப்பிட்டார். தப்ரேஸ் தனியாகப் போய் ஃபேனை மாற்றிவிட்டு வந்தார்.

அதற்கு அடுத்த வாரம் பக்ரீத். சாலமோன் வழக்கம்போல ராயபுரத்தில் தப்ரேஸ் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மூலையில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத் தகடு போடாமல் திறந்தபடி இருந்தது. பழைய போர்டு, பழைய எல்லாம், ஆனால் ரேம் மட்டும் லியோனார்டுக்குப் போட்ட அதே கம்பெனி, அதே எட்டு ஜிபி. ஏழாவது படிக்கிற ரூபினா அதன் முன்னால் ஆன்லைன் கிளாஸில் கொடுத்த கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள். எப்போது செய்தாய் என்று சாலமோன் கேட்டார். ஏதோ பழைய சாமான்களைச் சேர்த்தேன் என்று தப்ரேஸ் பேச்சை மாற்றி, தட்டில் இன்னும் இரண்டு கறித்துண்டு வைத்தார். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று சாலமோனுக்குச் சுருக்கென்றது. சொல்லியிருந்தால் கடையிலிருந்தே எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்திருப்பார். அதற்காகத்தான் தப்ரேஸ் சொல்லவில்லை. அப்பாவை இழந்து, கடையும் நொடித்துப்போய் நிற்கிறவனிடம் கை நீட்ட வேண்டாம் என்று நினைத்து, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவில் பழைய ரேம் ஒன்றைப் பில் இல்லாமல் வாங்கியிருந்தார். இதெல்லாம் சாலமோனுக்குத் தெரிய நாலு வருஷம் ஆயிற்று.

பக்ரீத் முடிந்த நாலாம் நாள் லியோனார்ட் போன் செய்தார். பதினாறு என்று சொல்லிவிட்டு எட்டுதானே காட்டுகிறது என்றார். திரையைப் போட்டோ எடுத்தும் அனுப்பினார். எட்டு என்றுதான் இருந்தது. மிஷினைக் கொண்டுவரச் சொன்னதற்கு, கல்யாண வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, அணைக்க முடியாது என்றார். கடைசியில், "உங்க பார்ட்னர்தான தொறந்தாரு" என்றும் ஒரு வார்த்தை போட்டுவிட்டு வைத்தார்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் சாலமோன் பைக்கை எடுத்துக்கொண்டு எர்ணாவூர் போயிருப்பார். கடலோர மிஷின், ரேம் எண்ணிக்கையில் குறைகிறது என்றால் பல் கறுத்திருக்கும், தேய்த்தால் வந்துவிடும். கடைக்கு வருகிற பத்தாவது படிக்கிற பையனுக்குக்கூட அவர் சொல்லிக்கொடுத்திருக்கிற பாடம் அது. அன்றைக்கு அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தனியாகப் போய்த் திறந்தது, வீட்டில் அதே ரேம், கேட்டதற்கு மழுப்பினது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பொருத்தி, உட்கார்ந்த இடத்திலேயே ஒரு திருடனை அசெம்பிள் பண்ணி முடித்துவிட்டார்.

தப்ரேஸ் டீ வாங்கிக்கொண்டு உள்ளே வந்தபோது கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பரசுராமன் சில்லறைக்காக வந்து நின்றிருந்தார். அவர்கள் போகட்டும் என்றுகூட சாலமோன் பொறுக்கவில்லை.

"உன் வூட்டு மிஷின்ல போட்டுக்கிறியே ஒரு ரேமு, அது எங்கருந்து வந்துச்சு?"

தப்ரேஸுக்கு முதலில் புரியவில்லை. சாலமோன் போனில் இருந்த போட்டோவைக் காட்டினார். தப்ரேஸ் அதைப் பார்த்தார். டீ டம்ளர்களை மேஜையில் வைத்தார்.

"தொறந்து பாத்தியா, மாமு?"

"தொறந்து பாக்க இன்னா கீது? அதான் எட்டுன்னு காட்டுதே."

"போய் தொறந்து பாரு. பாத்துட்டு வந்து இன்னா வேணா சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

"எனக்குத் தெரியும்" என்றார் சாலமோன்.

தப்ரேஸ் படியிறங்கிப் போனார். சாயங்காலம் வந்து, செய்தித்தாளில் சுற்றிய அந்த ரேமையும் கடைச் சாவியையும் மேஜையில் வைத்தார். சாலமோன் வேண்டுமென்றே ஒரு ஹார்ட் டிஸ்க்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாளே அந்த ரேமைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எர்ணாவூருக்குக் கொடுத்தனுப்பினார். மேலே காலி இடம் இருக்கும், செருகிக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னார். லியோனார்ட் செருகினார். பதினாறு காட்டியது. உள்ளே எத்தனை இருந்தது, எத்தனை இருக்க வேண்டும் என்று அவருக்கு என்ன தெரியும்? மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.

ஜெஸ்லின் மட்டும் ஒரு தடவை கேட்டாள்: "நீங்க அந்த மிஷினத் தெறந்து பாத்தீங்களா?" சாலமோன் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் பிறகு கேட்கவில்லை. ஆனால் ஒரு வாரம் வரைக்கும் டப்பாவில் இரண்டு பேர் சாப்பாட்டையே வைத்து அனுப்பினாள்.

தப்ரேஸைப் பற்றி சாலமோன் எங்கும் போய்த் தப்பாகப் பேசவில்லை. அந்தப் பெருமையை அவர் பிற்பாடு அடிக்கடி சொல்லிக்கொள்வார். ரிச்சி தெருவில், "எங்க உங்காளு காணோம்?" என்று கேட்டவர்களிடம், "அத்த வுடுப்பா" என்று மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. மிச்சத்தைப் பரசுராமன் பார்த்துக்கொண்டார். சாமானைக் கை மாற்றுகிற ஆள் என்று பெயர் வந்துவிட்டால் அந்தத் தொழிலில் பிறகு ஒரு கடையும் உள்ளே விடாது. தப்ரேஸ் நாலைந்து இடத்தில் கேட்டுப் பார்த்ததாகவும், பிறகு ராயபுரத்தைக் காலி செய்துவிட்டதாகவும் காதில் விழுந்தது. சாலமோன் கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

இந்த வருஷம் பிப்ரவரியில் லியோனார்ட் அந்த மிஷினைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. சாலமோன் வழக்கம்போல ஸ்டூலைக் காட்டினார். லியோனார்டுக்கு வேறு வேலை இருந்தது, வைத்துவிட்டுப் போனார்.

சாலமோன் நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டை எடுத்தார். டார்ச் அடித்தார். உள்ளே மூன்று ரேம் இருந்தது.

லியோனார்ட் இடையில் எங்கேயாவது ஒன்று வாங்கிப் போட்டிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தார். மூன்றையும் வெளியே எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். இரண்டின் ஓரத்தில் அரக்குப் பொட்டு இருந்தது. ஒன்றில் இல்லை. அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்று உள்ளே ஏதோ ஒன்று பிடிவாதமாக இருந்தது என்றும் சொல்லலாம். லியோனார்டுக்குப் போன் போட்டு, இடையில் ரேம் ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டார். நான் எங்கே வாங்கினேன், நீங்கள்தானே அன்றைக்கு ஒன்று கொடுத்தனுப்பினீர்கள், அதைத்தான் போட்டேன் என்றார் அவர்.

சாலமோன் ரப்பரை எடுத்தார். பொட்டு வைத்த இரண்டில் ஒன்றின் பல் கரியாகக் கறுத்திருந்தது. தேய்த்தார். மூன்றையும் தேய்த்துத் திரும்பச் செருகி பட்டனை அமுக்கினார். மிஷின் எழுந்தது. திரையில் இருபத்து நாலு ஜிபி என்று வந்தது.

மூன்று எட்டு இருபத்து நாலு. தான் விற்ற இரண்டும் அந்தப் பெட்டியை விட்டு எங்கேயும் போகவில்லை. மூன்றாவது, ஒரு குழந்தை படித்துக்கொண்டிருந்த மிஷினிலிருந்து பிடுங்கி வந்தது. சாலமோன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார். அப்பா செத்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை.

தப்ரேஸ் எங்கே இருக்கிறார் என்பது பரசுராமனுக்குத் தெரிந்திருந்தது. மணலி புதுநகரில் வீடு. கன்டெய்னர் யார்டு ஒன்றின் கேட்டில் உட்கார்ந்து, வருகிற லாரியின் நம்பர் எழுதுகிற வேலை. வயர் கட்டுகிற அந்தக் கை நாலு வருஷமாக லாரி நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறது.

வெறுங்கையோடு போக சாலமோனுக்கு மனமில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஒரு மிஷின் செய்தார். எஸ்எம்பிஎஸ் இருப்பதிலேயே நல்லது. உப்புக் காற்று தாங்குகிற போர்டு. தூசி வடிகட்டி வைத்த பெட்டி. தப்ரேஸ் கட்டுகிற மாதிரி வயர் கட்ட மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிப் பார்த்தார், வரவில்லை. ரூபினா இப்போது பதினொன்றாவது படிப்பாள், அவளுக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதை ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பொட்டில்லாத ரேமைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மணலிக்குப் போனார். ஜெஸ்லின் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம், இது நான் செய்தது என்றார்.

கதவைத் திறந்தது தப்ரேஸ்தான். தாடி நரைத்திருந்தது. "வாங்க" என்றார். பதினாலு வருஷத்தில் அந்த வாயிலிருந்து சாலமோன் ஒரு நாளும் கேட்காத மரியாதை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுத் துடைத்தார். சாலமோன் மிஷினைத் தரையில் இறக்கி வைத்தார், உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மூன்று ரேம், அரக்குப் பொட்டு, இருபத்து நாலு. சொல்லி முடிப்பதற்குள் தப்ரேஸின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தப்ரேஸ் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

"எனக்கு அன்னிக்கே தெரியும். ரேமு ஒழுங்கா உக்காந்திருக்காது, இல்ல பல்லு கறுத்திருக்கும். வேற இன்னா" என்றார்.

"ஏன்டா சொல்லல? அங்கியே சொல்லியிருக்கலாம்ல?"

"தொறந்து பாருன்னு சொன்னேனே." தப்ரேஸ் சொன்னார்: "யாரோ எவனோ, பேரு தெரியாதவன் தூக்கினு வருவான். அவன் மிஷினத் தொறந்து பாக்காம நீ ஒரு வார்த்த பேச மாட்டே. எனக்குன்னு வந்தப்ப உனக்கு எயிந்திருக்கக்கூட தோணல. அதான் சாவிய குட்த்துட்டு வந்துட்டேன்."

சாலமோன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ரூபினா டியூஷன் முடிந்து வந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டிருந்தாள். சாலமோனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "அங்கிள்" என்று சிரித்தாள். பிறகு தரையில் இருந்த புது மிஷின் கண்ணில் பட்டது. சிரிப்பு நின்றது.

"இது யார்துப்பா?"

"அங்கிளுது. எடுத்துனு போய்டுவாரு."

அவள் தலையை ஆட்டிவிட்டு டீ போட உள்ளே போனாள். அவள் கேட்டதில் கோபமில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். ஆனாலும் அது சாலமோனை உறுத்தியது. ஏன் அப்படிக் கேட்கிறாள் என்றார். தப்ரேஸ் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலை இறக்கிச் சொன்னார். அன்றைக்கு ரேமைக் கழற்றும்போது ரூபினா கிளாஸில் இருந்தாள். திரை அணைந்ததும், ஏன் கழற்றுகிறாய் என்று அழுதாள். சாலமோன் அங்கிள் என்னைத் திருடன் என்று சொல்லிவிட்டார் என்று அந்தக் குழந்தையிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவள் அந்தக் கடையில் வளர்ந்தவள். அதனால், "இது நம்மது இல்லம்மா, தெரியாம எடுத்துனு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் வீட்டுக்கு எதைக் கொண்டுவந்தாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். பெருநாளுக்கு வளையல் வாங்கி வந்தால் யாருடையது என்று கேட்பாள். ஸ்கூல் பேக்குக்கும் கேட்டாள். எட்டாவதில் ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். பில் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அவள் ஒரு நாளும் அதில் ஏறவில்லை, நடந்தே பள்ளிக்கூடம் போனாள். அது வாசலில் நின்று துருப்பிடித்து, போன வருஷம்தான் பழைய இரும்புக்குப் போனது.

"நான் சொல்லிடறேன்" என்றார் சாலமோன். "இப்பவே கூப்ட்டு எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வேணாம்."

"அவளுக்குத் தெரியணும்டா, உங்க அப்பா எதையும் எடுக்கலன்னு."

தப்ரேஸ் அவர் முழங்கையைப் பிடித்தார். "வேணாம், மாமு" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் சாலமோனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நாலு வருஷம் கழித்து மாமு என்று சொல்லிவிட்டான், மன்னித்துவிட்டான், இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தார். அவன் எதற்காகக் கெஞ்சுகிறான் என்று ஒரு நிமிஷம் நின்று பார்க்கத் தோன்றவில்லை. அவர் சுபாவம் அது. ரூபினா டீயோடு வந்தாள். தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, சாலமோன் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ரேமை எடுத்து அவள் கையில் கொடுத்து, இது உங்களுடையதுதான் அம்மா, எப்போதும் உங்களுடையதுதான், உங்க அப்பா தங்கமான மனுஷன், தப்பெல்லாம் என்னுடையது என்றார். சொல்லச் சொல்ல அவருக்குள் நாலு வருஷத்து இருட்டு விலகுகிற மாதிரி இருந்தது.

ரூபினா கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெதுவாகப் போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். உருதுவில் பேச ஆரம்பித்தாள். எத்தனை தடவை கேட்டேன்ப்பா என்றாள். வளையலுக்குக் கேட்டேன், பேக்குக்குக் கேட்டேன், ஒரு தடவைகூட நீ கோபப்படவில்லையே என்றாள். அந்தச் சைக்கிள், அந்தச் சைக்கிள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு, மாப் கரோ, மாப் கரோப்பா, என்னை மன்னித்துவிடு என்று விம்மி விம்மி அழுதாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று தப்ரேஸ் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர்கள் பேசின ஒவ்வொரு வார்த்தையும் சாலமோனுக்குப் புரிந்தது.

வெகுநேரம் கழித்து தப்ரேஸ் நிமிர்ந்தார்.

"உங்க மனசுல இருந்தது எறங்கிச்சு இல்ல?" என்றார். "இப்போ அவ தூக்கினு திரியணும். அதுக்குத்தான் வேணான்னேன்."

சாலமோன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தப்ரேஸ் கேட்கவில்லை. மகளின் தலையை மெல்ல மடியிலிருந்து எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார். அந்தப் புது மிஷினைத் தானே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, காத்திருந்த ஆட்டோவில் பின் சீட்டில் ஆடாமல் இருக்கும்படி பார்த்து வைத்தார். பார்த்துப் போங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆட்டோ கிளம்புகிற வரைக்கும் உள்ளே அந்தப் பெண் அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.